பாதித் துறைமுகம்

ஜனவரி 9

தம்பிக்கு,

உறையின் மேல் இருக்கும் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, திறப்பதா வேண்டாமா என்று ஒரு நாள் முழுக்க மேஜையில் வைத்திருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதே. ஒன்பது வருஷம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்துவிட்டு எழுதுகிறவள் முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும்.

போனில் கூப்பிட்டிருக்கலாம்தான். ஆனால் போனில் நமக்கு மூன்றாவது நிமிடம் சண்டை வந்துவிடும். கடிதம் என்றால் நான் பேசி முடிக்கிறவரை நீ குறுக்கே வாய் திறக்க முடியாது.

எனக்கு உன் பாதி வேண்டும்.

எதன் பாதி என்று கேட்காதே. அம்மாவும் போனபிறகு வாடகை வீட்டைக் காலி செய்த அன்று, உனக்கா எனக்கா என்று தகராறு முற்றி, நான் கத்தரியை எடுத்து இரண்டாக வெட்டினேனே, அந்தத் துறைமுகப் படத்தின் பாதி. சொந்தமாகக் கேட்கவில்லை. ஒரு வாரத்துக்கு இரவல். என்னுடையதோடு சேர்த்து வைத்து முழுசாக ஒரு தடவை பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

காரணம், கண். போன மாதம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு இருநூறு சட்டை தைத்தேன். கோடு போட்ட துணி. வெட்டும்போது கோடெல்லாம் நடுவில் வளைந்து வளைந்து போனது. மில்காரன் ஏமாற்றிவிட்டான் என்று அவனைப் போனில் கிழித்துத் தொங்கவிட்டேன். அப்புறம் பார்த்தால் வாசல் கதவும் வளைந்திருந்தது, தெருவிளக்குக் கம்பமும் வளைந்திருந்தது. டாக்டரம்மா கட்டம் போட்ட தாளைக் காட்டி, "நடுவுல எப்படித் தெரியுது?" என்று கேட்டார். "இது துணியா இருந்தா வாங்கியிருக்கவே மாட்டேன்"னேன். அவர் சிரிக்கவில்லை. இடது கண்ணில் நடுப்பார்வை போய்விட்டதாம். வலது கண்ணை ஊசி போட்டு இழுத்துப் பிடிக்கப் பார்க்கிறார்கள். கோடை முடியும்வரை தாங்கினால் பெரிசு என்றார். முழுக் குருடு ஆகமாட்டேனாம், ஓரங்கள் தெரியுமாம். நடுதான் போகும்.

வீட்டுக்கு வந்ததும் என் பாதியைப் பார்த்தேன். நிஜமாகச் சொல்கிறேன், பாய்மரங்கள் ஆடின. தண்ணீர் மெதுவாக மேடேறி இறங்கியது. சின்ன வயதில் எத்தனை மத்தியானம் அதன் கீழே படுத்துக்கொண்டு "கிளம்பு, கிளம்பு" என்று கத்தியிருப்போம்! இப்போதுதான் கிளம்பப் பார்க்கிறது. போவதற்குள் முழுசாகப் பார்க்க வேண்டும். அனுப்பு.

அக்கா

ஜனவரி 22

அக்காவுக்கு,

ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் வைத்திருந்தேன். அச்சு வார்க்கும் மேஜையில், ஊரார் பல் செட்டுகளுக்கு நடுவில் உன் கடிதம் உட்கார்ந்திருந்தது. படித்தபிறகு கை ஓடவில்லை. ஒரு பெரியவருக்கு மேல் செட்டில் முன்பல்லைச் சாய்த்து வைத்துவிட்டேன். போட்டுப் பார்த்தவர், "நான் சும்மா இருந்தாலும் இது சிரிக்குதேப்பா" என்றார். திருப்பிச் செய்து கொடுத்தேன்.

டாக்டர் சொன்னதை இன்னொருவரிடமும் கேட்டாயா? ஊசி வலிக்கிறதா? கேட்க எனக்கு என்ன தகுதி என்று நீ நினைக்கலாம். இருந்தாலும் கேட்கிறேன்.

படத்தைத் தபாலில் அனுப்ப மனசு வரவில்லை. கனத்த அட்டை, அதற்கு மேல் கண்ணாடிச் சட்டம் வேறு. வழியில் யாராவது மூட்டையைத் தூக்கிப் போட்டால் அவ்வளவுதான். அதற்குப் பதிலாக வேலை முடிந்ததும் எதிரே உட்கார்ந்து, பார்ப்பதை அப்படியே உனக்கு எழுதுகிறேன். நீ உன் பாதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி. ஒருவர் கண்ணை மூடிக்கொள்ள மற்றவர் படத்தைச் சொல்வோமே, அந்தப் பழைய விளையாட்டு மாதிரிதானே?

வெட்டிய இடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். நடுக்கப்பலின் முன்பாதி என்னிடம் இருக்கிறது. அதன் கயிறுகள் கரைக்கு இறங்கி, இரும்புக் குட்டைத் தூண்களில் சுற்றியிருக்கின்றன. கரையில் புகை மாமாவின் வலது தோளும் ஒரு காலும் இருக்கின்றன. மீதியை நீ வைத்திருக்கிறாய். அந்தக் காலத்துக் கேமரா படம் பிடிக்க வெகுநேரம் எடுக்குமாம். அசையாமல் நின்றதெல்லாம் விழும், நடந்து போனவர் புகையாகிவிடுவார். நாம் அவரைப் பேய் என்று நினைத்துப் பயந்து, பிறகு மாமா ஆக்கிக்கொண்டோம். வலதுகோடியில் சரக்குக் கிடங்கு, அதன் நெற்றியில் கடிகாரம். நாலு பத்து. நாம் எப்போது பார்த்தாலும் நாலு பத்துதான். பள்ளிக்கூடம் விட்டு வந்து பை வீசும் நேரம்.

ஒன்று சொல்லவா? அன்று நீ வெட்டியபோது உன் கை நடுங்கக்கூட இல்லை. "கத்தரி வாயை முழுசா மூடாம ஓட்டணும், மூடினா வெட்டுல படி விழும்" என்று பெருமையடிப்பாயே, அதே கை. துணியை வெட்டுவது போல வெட்டினாய். அந்தச் சத்தம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கண் சரியில்லாதவளிடம் இதைச் சொல்லக் கூடாதுதான். எழுதிவிட்டேன், அடிக்க மனசில்லை.

தம்பி

பிப்ரவரி 3

தம்பிக்கு,

அடிக்காமல் விட்டதே நல்லது. உன் கடிதங்களில் வழக்கமாக அடித்தது போக மிச்சம் "நலம், நலமறிய" மட்டும்தான் இருக்கும்.

வெட்டின கதையை இப்போது பேச வேண்டாம். நீ அன்று வாயில் பசை போட்டு ஒட்டியது போல நின்றாய். அதையும் பேச வேண்டாம்.

உன் கடிதத்தை வலது கண்ணுக்குப் பக்கவாட்டில் பிடித்து, எழுத்து எழுத்தாகத் திருடுவது போலப் படித்தேன். மதியம் கடையைச் சாத்திவிட்டு என் பாதியை எதிரே சாய்த்து வைத்தேன். நீ எழுதிய கயிறுகளை என் பக்கத்திலிருந்து நீட்டிப் பார்த்தேன். சரியாகப் போய்ச் சேர்ந்தன. பிறகு அங்கேயே, வெட்டிப்போட்ட துணிமேல் படுத்துத் தூங்கிவிட்டேன். கனவில் அப்பா வந்தார். மூடிக்கொண்டிருந்த முடிதிருத்தும் கடையிலிருந்து அந்தப் படத்தைத் தலைமேல் வைத்துக்கொண்டு வந்தாரே, அதே சட்டை. அம்மா, "கடல் எந்தப் பக்கம்னு தெரியாத ஆளுக்குக் கப்பல் எதுக்கு?" என்று கேட்டாள். "சுவத்துல ஈரம் ஊறி அசிங்கமா இருக்கு, அதை மறைக்கத்தான்" என்றார். கனவிலும் அதே பதில்தான்.

இன்னும் எழுது. கொடியில் உலர்த்தும் துணி உன் பக்கம்தானே? எத்தனை சட்டை? தையற்காரி கேட்கிறாள், ஒழுங்காக எண்ணிச் சொல்.

நேரில் கொண்டு வந்தால் கண்ணாடி உடையாது. சும்மா சொன்னேன்.

அக்கா

பிப்ரவரி 19

அக்காவுக்கு,

சட்டைகள் நாலு. ஒன்றுக்குக் கை இல்லை. கொடி, வெட்டிலிருந்து இரண்டாவது கப்பலின் இரண்டு பாய்மரங்களுக்கு நடுவில் கட்டியிருக்கிறது.

இன்று மழை. கடைக்கு யாரும் வரவில்லை. விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருக்கிறேன். இந்த வெளிச்சத்தில்தான் அது நன்றாக இருக்கும், நினைவிருக்கிறதா? தண்ணீர் பால் ஊற்றி வைத்தது போல இருக்கிறது. அலையே இல்லை. அலைகள் இருந்திருக்கும், கேமரா விழித்திருந்த நேரத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருக்கும். கப்பல்களில் ஒரு ஆள் இல்லை. எல்லோரும் நடந்துகொண்டே இருந்திருப்பார்கள், அதனால் காணாமல் போய்விட்டார்கள். இரண்டாவது கப்பலுக்குக் கீழே ஒரு சின்னப் படகு. அதன் மூக்கில் அந்த நாய், காதை நிமிர்த்திக்கொண்டு, நாலு பத்து மணிக்கு யாரோ வருவார்கள் என்பது போலக் கரையையே பார்த்துக்கொண்டிருக்கிறது. அவ்வளவு நேரமும் துளி அசையவில்லை. படத்திலேயே தெளிவாக விழுந்திருக்கும் உயிர் அது ஒன்றுதான். அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு நேரம் போவதே தெரிவதில்லை.

எனக்கும் வரத் தோன்றுகிறது. வந்தால் எந்த முகத்தோடு வருவது என்றுதான் தெரியவில்லை.

தம்பி

பிப்ரவரி 27

நாய் என் பக்கத்தில் இருக்கிறது.

படகு, நாய், படிக்கட்டு எல்லாம் என் பாதி. உன் பாதியில் நாய் எப்போதும் இருந்ததில்லை. இதை எழுதுமுன் விரலால் தடவி, ஓரக்கண்ணால் பார்த்து, மூன்று தடவை நிச்சயப்படுத்திக்கொண்டேன்.

எதிரே உட்கார்ந்து பார்த்து எழுதுகிறாயா? எந்தப் படத்தை? என்ன செய்தாய் அதை?

அக்கா

மார்ச் 8

அக்காவுக்கு,

என் குட்டு உடைந்துவிட்டது. ஒரு வகையில் நிம்மதி.

படம் இல்லை. நாலு வருஷமாக இல்லை.

என் பெண்ணின் கல்யாணத்துக்கு உனக்கு அழைப்பிதழ் அனுப்பினேன். நீ வரவில்லை. முன்வரிசையில் ஒரு நாற்காலியில் துண்டு போட்டு வைத்திருந்தேன். யாராவது உட்காரப் போனால், "அக்கா வருவாங்க" என்று எழுப்பிவிட்டேன். சாப்பாடு முடிந்து, கூட்டம் கலைந்து, துண்டு மட்டும் கிடந்தது. அன்று சாயங்காலம் கடைக்குப் போய்ச் சட்டத்தைக் கழற்றினேன். படத்தை மெழுகு உருக்கும் அடுப்பில் வைத்தேன். அட்டை கனமானதால் சட்டென்று பிடிக்கவில்லை. எடுத்துவிட நேரம் இருந்தது. எடுக்கவில்லை. கடைசியில் கடிகாரம் போயிற்று.

நீ கேட்டபோது அதைச் சொல்லியிருக்க வேண்டும். கண் போகிறது, முழுசாகப் பார்க்க வேண்டும் என்கிறவளிடம் எப்படிச் சொல்வது? நினைவிலிருந்து எழுதிச் சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். நாயை வேண்டுமென்று எழுதவில்லை. எழுதும்போது அது அங்கேதான் இருந்தது.

கோபப்படு. திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

தம்பி

ஏப்ரல் 2

அக்காவுக்கு,

படம் இல்லை என்று ஒப்புக்கொண்டதிலிருந்து இது மூன்றாவது கடிதம். முந்தைய இரண்டும் வந்து சேர்ந்ததா என்றுகூடத் தெரியவில்லை. பதில் வேண்டாம். ஊசி போட்டார்களா என்று மட்டும் யாரிடமாவது சொல்லி அனுப்பு.

தம்பி

மே 14

தம்பிக்கு,

இது துணி அளவு வரையும் பழுப்புத் தாள். தடி மை பேனா. ஒரு பக்கத்துக்கு எட்டு வரிதான் பிடிக்கிறது, அதனால் இத்தனை தாள். தபால்காரர் "கடிதாசா, கட்டிலா?" என்று கேட்டார்.

வலது கண்ணிலும் நடு போய்விட்டது. நாலு ஊசி போட்டும் நிற்கவில்லை. நேராகப் பார்க்கிற இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு புகை. யாரைப் பார்த்தாலும் முகம் இல்லை. ஊரில் எல்லோரும் எனக்கு இப்போது புகை மாமாதான். கட்டிங் வேலையை விட்டுவிட்டேன். பட்டன் காஜா மட்டும் எடுக்கிறேன், அது விரலே பார்த்துக்கொள்ளும்.

உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. முதல் வாரம் உன்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு, நீ எதிரில் இருந்திருந்தால் உன் பல்லுக்கே நீ செட் கட்ட வேண்டியிருந்திருக்கும். பிறகு ஒரு நாள் என் பாதியை எடுத்து வைத்தேன். நேராகப் பார்த்தால் ஒன்றுமில்லை. தலையைத் திருப்பித் திருப்பித் தேடினேன். ஒரு வழி கிடைத்தது. படத்துக்கு வலதுபக்கம் இருக்கும் வெறும் சுவரைப் பார்த்தால் என் பாதி ஓரமாகத் தெரிகிறது. மரங்கள், படி, நாய், எல்லாம். என் பாதியைப் பார்க்க வேண்டுமானால், உன் பாதி இருக்க வேண்டிய இடத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இப்படியே ஒரு மாதம் வெறும் சுவரைப் பார்த்தேன். எவ்வளவு நேரம்தான் கோபமாகவே பார்ப்பது?

கல்யாண விஷயம். நீ அனுப்பியது அச்சடித்த அழைப்பிதழ். உள்ளே ஒரு வரி இல்லை. "வா அக்கா" என்று கையால் இரண்டு வார்த்தை இருந்தால் நடந்தே வந்திருப்பேன். அன்றைக்குப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்தேன். போன் வரும் என்று. நாற்காலியில் துண்டு போட்டவன் போனை எடுத்திருக்கலாம்.

இன்னொன்று. நாய் உனக்குத்தான் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் படத்தின்மேல் சோற்றை அப்பி அதற்கு ஊட்டியவன் நீ. வெட்டியபின் எந்தப் பாதி வேண்டும் என்று கேட்டேன். "எதைக் குடுத்தாலும் சரி" என்று மரமாக நின்றாய். அந்த ஆத்திரத்தில் வேண்டுமென்றே நாய் இருந்த பாதியை எடுத்துக்கொண்டேன். எனக்குப் பிடித்தது கடிகாரம். எனக்குப் பிடித்ததை உன்னிடம் தள்ளிவிட்டு, உனக்குப் பிடித்ததை எடுத்து வந்து ஒன்பது வருஷம் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். நீ அதை உன் பாதியில் வைத்து எழுதியதில் பெரிய பொய் ஒன்றும் இல்லை.

அக்கா

மே 25

அக்காவுக்கு,

நானும் பெரிய எழுத்தில் எழுதுகிறேன். தெரிகிறதா?

படித்துவிட்டுக் கொஞ்சம் அழுதேன். பட்டுப்புடவையோடு கடையில் நீ உட்கார்ந்திருந்தது மனசை விட்டுப் போகவில்லை. இரண்டு வார்த்தை எழுதியிருக்கலாம். பேனா பக்கத்திலேயே இருந்தது.

எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். இல்லாமல் போனதை, பக்கத்தில் மிச்சம் இருப்பதை வைத்து அளவெடுத்துச் செய்வது. அதைச் செய்யப் போகிறேன். என் பாதியை மெழுகில் செதுக்கி அச்சு வார்த்துவிடுகிறேன். கப்பல், கயிறு, கடிகாரம் எல்லாம் மேலெழும்பி இருக்கும். உன் விரல் பார்த்துக்கொள்ளும். ஆனால் என் நினைவை நம்ப முடியாது, அது நாயைத் திருடும். நீ கண்ணை மூடிக்கொண்டு சொல். எங்கே எது, எத்தனை விரல்கடை உயரம்?

கூட ஒரு மெழுகுப் பட்டை அனுப்புகிறேன். வெந்நீரில் காட்டினால் இளகும். உன் பாதியின் வெட்டு ஓரத்தை அதில் மேலிருந்து கீழ்வரை அழுத்தி எடுத்து அனுப்பு. பல் செட்டுக்காக மெழுகைக் கடிக்கச் சொல்லி அச்சு எடுப்பது போலத்தான். அது இல்லாமல் இரண்டும் சேராது.

கப்பல் எல்லாம் ஈறு நிறத்தில் இருக்கும். என்னிடம் அந்த நிறம்தான் இருக்கிறது. சிரிக்காதே.

தம்பி

ஜூன் 6

தம்பிக்கு,

சிரித்தேன். ரோஜா நிறக் கப்பல்!

எழுதிக்கொள். கிடங்கின் கூரை மேலிருந்து நாலு விரல்கடை. கடிகாரத்துக்குக் கீழே மூன்று ஜன்னல், நடு ஜன்னல் திறந்திருக்கிறது. நான் எப்போதும் அதற்குள் ஒரு தையல் மிஷினை வைத்துக்கொள்வேன், உன்னிடம் சொன்னதில்லை. நடுக்கப்பலின் பக்கவாட்டில் ஏணி, பதினொரு படி. கொடியில் சட்டைகள் ஐந்து. கை இல்லாதது சட்டை இல்லை, அது தலையணை உறை. புகை மாமாவின் கால் தரையைத் தொடவில்லை. தண்ணீரில் கடிகாரத்தின் நிழல் விழுந்திருக்கிறது. அதைக் கவனித்திருக்கிறாயா? நான் மட்டும்தான் கவனித்திருப்பேன்.

மெழுகுப் பட்டை இதோடு வருகிறது. அழுத்தும்போது கை கொஞ்சம் நின்று நின்று போயிற்று. அதைக் கண்டுகொள்ளாதே.

அக்கா

ஜூலை 3

அக்காவுக்கு,

அச்சு முடிந்தது. பெட்டி இந்தக் கடிதத்தோடு வரும். பெட்டியைத் திறக்குமுன் இதைப் படித்துவிடு.

மெழுகில் உன் ஓரத்தைப் பார்த்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பது என் பிழைப்பு. மேலிருந்து கொஞ்ச தூரம் சுத்தமான வெட்டு. பிறகு ஒரு படி. மறுபடி வெட்டு, மறுபடி ஒரு படி. கீழே வருவதற்குள் இன்னொன்று. முதலில் நீ அழுத்தும்போது கை நின்றதால் வந்தது என்றுதான் நினைத்தேன். நீயே சொல்லியிருந்தாயே. ஆனால் அழுத்தத்தில் வருவது மழுங்கி இருக்கும். இது கூர்மையாக இருக்கிறது. இது அட்டையிலேயே இருக்கிறது.

கத்தரி வாயை முழுசாக மூடினால்தான் படி விழும். நீ மூடவே மாட்டாய். ஆயிரம் சட்டை வெட்டினாலும் ஒரு படி விழாத கை. அன்றைக்கு மூன்று தடவை மூடியிருக்கிறாய். மூன்று தடவை நிறுத்திவிட்டு, மறுபடி திறந்திருக்கிறாய்.

நான் "வேண்டாம்க்கா" என்று சொல்வேன் என்று நின்றாய், இல்லையா?

நான் உன்னைப் பார்க்கவே இல்லை. படத்தை எடுத்தபின் சுவரில் தெரிந்த ஈரக் கறையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாயை உனக்கு விட்டுக் கொடுக்கிறேன், முழுப் படத்தையும் எடுத்துக்கொள் என்று சொல்லத்தான் வாய் வரை வந்தது. நீ முதலில் நிறுத்துவாய் என்று இருந்தேன். சத்தத்தை மட்டும் கேட்டேன். அதில் இருந்த இடைவெளிகள் எனக்குக் கேட்கவில்லை. ஒன்பது வருஷம் ஒரே இழுப்பில் வெட்டினாய் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

வேண்டாம்க்கா. இப்போது சொல்கிறேன். ரொம்பத் தாமதம்தான்.

தம்பி

ஜூலை 15

தம்பிக்கு,

பெட்டி வந்தது. உன் கடிதத்தை முதலில் படிக்கச் சொன்னாய், படித்தேன். அப்புறம் பெட்டியைத் திறக்கவே சாயங்காலம் ஆகிவிட்டது.

மேஜைமேல் என் பாதியை வைத்து, உன்னுடையதைப் பக்கத்தில் தள்ளினேன். மூன்று படியும் மூன்று பள்ளத்தில் போய் உட்கார்ந்தன. சத்தம்கூட வந்தது. கண்ணை மூடிக்கொண்டு இடது ஓரத்திலிருந்து விரலை ஓட்டினேன். என் பக்கம் வழவழவென்று ஒன்றுமே தட்டுப்படாமல் போனது. வெட்டைத் தாண்டியதும் நடுக்கப்பல் கைக்குள் எழுந்தது. கயிறுக்குப் பல் கம்பியைப் போட்டிருக்கிறாய், கெட்டிக்காரன். ஏணிப்படியை எண்ணினேன், பதினொன்று. ஜன்னலுக்குள் விரல் நுழைகிறது. உள்ளே எள்ளளவு ஒரு தையல் மிஷின் இருக்கிறது. அதை நான் செய்யச் சொல்லவில்லையே! கடிகாரத்தின் முட்களைத் தொட்டேன். நாலு பத்து.

புகை மாமா இருந்த இடத்தில் உன் கட்டை விரலை அழுத்தி வைத்திருக்கிறாய். ரேகை தெரிகிறது. வெகுநேரம் என் விரலை அதன்மேல் வைத்திருந்தேன்.

அந்த மூன்று படியைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. என்னிடமே சொல்லிக்கொண்டதில்லை. நீ சரியாகத்தான் படித்திருக்கிறாய். ஒன்றே ஒன்று தப்பு. நாலாவது தடவையும் நிறுத்தினேன். அது படமெல்லாம் முடிந்து, அட்டையின் கடைசி ஓரத்தில். அங்கே படி விழ இடமில்லை, அதனால் உனக்குத் தெரியவில்லை.

கிளம்பி வா. கடைக்கு ஒரு வாரம் பூட்டுப் போடு, ஊரார் கொஞ்ச நாள் கஞ்சி குடிக்கட்டும். உன் பெண்டாட்டியையும் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வா. நாய் இங்கேதான் இருக்கிறது. உன் பக்கத்துக்குத் தள்ளி வைத்துப் பார்த்துக்கொள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

வந்தால் என் எதிரில் உட்காராதே. எதிரில் உட்கார்ந்தால் உன் முகம் புகையாகிவிடும், எனக்குத் தெரியாது. பழையபடி பக்கத்தில் உட்கார். வலதுபக்கம். அங்கே இருந்தால் உன்னை நன்றாகப் பார்ப்பேன்.

அக்கா